குடைக் கம்பெனியை மூடும் படிவம்

அந்த வியாழக்கிழமை காலை அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானூற்றிருபது குடைகளை எண்ணினார்கள். அங்கே ஒரு குடைகூட இல்லை. அம்மா நோட்டைப் பார்த்து வாசித்தாள், மகள் டிக் அடித்தாள்.

"கறுப்பு, பெரிசு, நூத்தி நாப்பது."

"சரி."

"பூப்போட்டது, சின்னது, எம்பது. அதுல ரெண்டுல கம்பி வளைஞ்சிருக்கு."

"யாரும்மா வளைச்சா?"

"சிரிக்காதடி. ஸ்டாக் எடுக்கிறப்ப சிரிச்சா எண்ணிக்கை தப்பிடும்."

பதினோரு மணிக்கு எங்கோ ஒரு லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதென்று அழைப்பு வந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் மகளின் வேலை. அவள் செருப்பை மாட்டும்போது அம்மா நோட்டை நீட்டி, 'எண்ணிச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது அம்மா நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் கயிற்றைத் தன் சுமையைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும்படி செய்வார்கள். அம்மாவின் இதயத்தில் அப்படி எதுவும் மிச்சம் இல்லை என்று டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார்.

அம்மா முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். அங்கே மேற்பார்வையாளர் நாற்காலி நான்கு முறை காலியானது. நான்கு முறையும் "உங்ககிட்ட ஒரு பேப்பர் இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு, அவளிடமே வேலை பழகிய யாரையாவது அதில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் சமுதாயக் கல்லூரியில் வணிகமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தாள். ஒரு வருஷப் படிப்பு. முடிவில் சான்றிதழ்.

"அறுபது வயசுல அந்தப் பேப்பரை வச்சு என்ன பண்ணப் போற?" என்றார் அப்பா.

"ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன். அந்த நாலு சூப்பர்வைசர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, அதுக்கு நேரா நாற்காலி போடப் போறேன்."

அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து காகிதத்தில் ஒரு கம்பெனி தொடங்கி, வருஷம் முழுக்க நடத்த வேண்டும். கடிதம், ரசீது, சம்பளப் பட்டியல் எல்லாம் உண்டு. கடைசியில் கம்பெனியை முறைப்படி மூடிப் படிவம் கொடுத்தால்தான் சான்றிதழ். அம்மாவுக்கு ஜோடியாக வந்தவர் ஒரு சலூன்காரர். இருவரும் குடைக் கம்பெனி வைத்தார்கள். அம்மா பொது மேலாளர் ஆனாள்.

மற்றவர்கள் 'ஊழியர்கள்: நாற்பது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். அம்மா நாற்பது பேரையும் தனித்தனியாக எழுதினாள். வயது, குடும்பம், உடம்புக்கு என்ன, எத்தனை வருஷ அனுபவம்.

"ஏம்மா, எல்லாருக்கும் ஏதாவது ஒரு சீக்கு இருக்கு? நீதானே உண்டாக்குன, நல்லபடியா உண்டாக்கியிருக்கலாமே?"

"எந்த வேலையிடத்துலடி எல்லாரும் நல்லா இருக்காங்க?"

மகளைச் சம்பளமில்லாத தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக நியமித்தாள். அப்பா விளையாட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்கு மனுப் போட்டார். அம்மா அவரைக் கூடத்தில் அரை மணி நேரம் காக்கவைத்து, நேர்காணல் நடத்தி, 'வீட்டு ஃபேன் எட்டு மாதமாக ஓடவில்லை' என்று காரணம் எழுதி நிராகரித்தாள். சலூன்காரர் இரண்டு வகுப்புக்கு வராதபோது அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. மனிதர் பயந்துபோய்த் தபால்தலை ஒட்டி மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அடுத்த முறை அம்மா அவர் கடைப்பக்கம் போனபோது, பாதி சவரத்தில் விறைப்பாக நிமிர்ந்து நின்றார் என்று கேள்வி. நின்றவர் சலூன்காரர்தான். சவரம் வாடிக்கையாளருடையது.

கடைசி மாதம் மூடும் படிவம் கைக்கு வந்தது. அன்று அம்மா சாப்பிடவில்லை.

"நாப்பது குடும்பம்," என்றாள்.

"நாப்பது வரி, அம்மா."

"நாலு தடவை என்னையும் ஒரு வரியாத்தான் பாத்தாங்க."

மூடினால்தான் சான்றிதழ். மூடினால் நாற்பது பேர் தெருவில். வாத்தியாரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மகளைவிடச் சின்னவர்.

"அம்மா, அவங்க யாரும் இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா சார்? சம்பளப் பட்டியல் போடறதே நான்தானே?"

வழி ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். மூடுவதற்கு முன்பு ஒவ்வொருவருக்கும் வேறு வேலை பார்த்துவைப்பது. பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு நிஜமான கடைகளுக்கு ஏறி இறங்கினாள். "நம்பிக்கையான ஆள், சொன்ன நேரத்துக்கு வருவாங்க" என்று அவள் சொன்னால் மறுக்கப் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை. பேக்கிங் பெண்ணுக்குப் பேக்கரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை ஆள் வரவில்லை என்று பேக்கரிக்காரர் ஃபோன் செய்தார். அப்பா எடுத்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் வரல?"

"அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்குங்க."

"என்ன சிக்கல்?"

"ஆளே இல்ல."

"அப்ப அடுத்த வாரம் வருமா?" என்று கேட்டாராம் அவர்.

அடக்கத்தன்று சலூன்காரர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிக்கு இன்னிக்கு லீவு விட்டுட்டேங்க," என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அப்பா தலையாட்டினார்.

திங்கட்கிழமை வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் பை போலீஸிடமிருந்து திரும்பி வந்திருந்தது. மூடும் படிவம் அதில்தான் இருந்தது, இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. அம்மாவும் சலூன்காரரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூடிய தேதி மட்டும் காலி.

"புதன்கிழமை கடைசி நாள். தேதியை நீங்களே போட்டுக் குடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றார் வாத்தியார். "அம்மா பேர்ல சான்றிதழ் வந்துடும்."

"போட்டுடும்மா," என்றார் அப்பா. "அவ கேட்டதே அந்த ஒரு பேப்பர்தான்."

மகள் பேனாவைத் திறந்தாள். படிவத்தோடு பின் அடித்திருந்த பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்தாள். எதையும் சோதிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவள் தொழிலில் இல்லை. முப்பத்தொன்பது பெயர்களுக்கு எதிரே கடைப் பெயர், முதலாளி பெயர், சேரும் நாள். ஒவ்வொன்றுக்கும் நேராக டிக். நாற்பதாவதற்கு இல்லை.

பேனாவை மூடினாள்.

"சார், புதன்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தா வாங்கிக்குவீங்களா?"

"அஞ்சு மணிக்குள்ள. ஏன், என்ன பாக்கி?"

அவள் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள். கடைசி வரியில் அம்மா எழுதியிருந்தாள்: 'வண்டி ஓட்டுநர். வயது ஐம்பத்திரண்டு. இடது கண் மங்கல், வேலை சுத்தம். பால் பண்ணை மேலாளர் பிடிகொடுக்கவில்லை. செவ்வாய் பத்து மணிக்கு நேரில் போய்ப் பேச வேண்டும்.'