கடவுளுக்குக் குரல் கொடுப்பவர்

ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும் முன்பே செருப்பு, வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழன்றுவிடும். பிறகு ஒரு மடக்கு வெந்நீர், "ம்ம்ம்" என்று மூக்கால் ஒரு முனகல். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் மைக் முன் வாய் திறந்தால், பதினாறு வயதுப் பெண் பேசுவாள்.

பின்னணிக் குரல் கொடுப்பது அவர் தொழில். ஸ்டூடியோவில் அவருக்குக் 'குழந்தை அக்கா' என்று பெயர். இத்தனை காலமும் கிடைத்ததெல்லாம் கைக்குழந்தை அழுகையும் கூட்டத்துக் கூச்சலும்தான். "நான் அழுத குழந்தைக்கெல்லாம் இப்ப மீசை முளைச்சிருக்கும்" என்று சிரிப்பார்.

இப்போதுதான் முதல்முறையாகக் கதாநாயகி. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்று. பள்ளிக்குப் புதிதாக வரும் பெண் தன்னைக் கடவுள் என்கிறாள். ஊரே கேலி செய்ய, ஒரு மாணவன் மட்டும் அவளோடு சிநேகமாகிறான். அக்காவுக்குச் சமையலறையிலும் "நான் கடவுள்" வசனம்தான். கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுப்பார்: "கடவுளே, பால் பொங்குது பாரு!"

நேற்று அந்த முக்கியமான காட்சி. மொட்டைமாடியில் மாணவன் கேட்கிறான்: "நீ நிஜமாவே கடவுளா?" அவள் "ஆமா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"கணீர்னு வேணும்க்கா. கடவுள் இல்லையா?" என்றார் இளம் இயக்குநர். அக்கா கணீரென்று சொன்னார். ரயில் நிலைய அறிவிப்புப் போல இருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லியும் சரிவரவில்லை. இயக்குநர் உச்சுக்கொட்டினார். "வெளிய ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. அதையும் பேச வச்சுப் பாக்கலாமா?"

அக்கா திரையையே பார்த்தார். அந்தக் கதாநாயகியின் முகத்தில் மிடுக்கு இருந்தது. கண்கள் மட்டும் மாணவனைக் கெஞ்சின.

"ஒரே ஒரு தடவை என் இஷ்டத்துக்குச் சொல்றேன் தம்பி. சரியில்லன்னா நானே போய் அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வர்றேன்."

காட்சி மறுபடி ஓடியது. அக்கா எச்சில் விழுங்கினார். கொஞ்சம் தாமதமாக, அவனாவது நம்பமாட்டானா என்ற ஏக்கத்தோடு, மெல்லச் சொன்னார்: "ஆமா."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்திப் பேசினார்: "அக்கா, நான் நம்பிட்டேன்."

"நானும்தான்" என்றார் இயக்குநர், காதைச் சொறிந்தபடி. "அடுத்த காட்சில உங்களுக்கு வசனம் இல்லக்கா. கிளம்பலாம்."

அக்கா நகரவில்லை. திரையில் மாணவன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். மைக்கை நோக்கிக் குனிந்து, அவளுக்காக ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டார் அக்கா.