பத்து டிகிரி பிழை

திரவ நைட்ரஜனுக்குள் அமிழ்த்திய சென்சார் மைனஸ் இருநூற்றுப் பதினாறு டிகிரி என்று காட்டியதும் முத்துச்செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. திறந்த குடுவையில் இருக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக வழியே இல்லை. அப்படியானால் மீட்டர் தப்பு. எத்தனை நாளாகத் தப்பு?

திண்டுக்கல் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அவர் இயற்பியல் ஆய்வக டெக்னீஷியன். வயது நாற்பத்தொன்று, வீடு ஆனையூரில். பாலிடெக்னிக் முடித்து, பரவைப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் ஆறு வருடம் அம்மோனியா குழாய்களோடு மல்லாடியவர். அந்த அனுபவத்துக்காகவே பேராசிரியர் அசோக்குமார் அவரைத் தேடி வந்து வேலைக்குச் சேர்த்தார்.

அசோக்குமாரின் ஆராய்ச்சி, யுரேனஸ் கிரகத்தைச் சுற்றும் ஏரியல் என்ற நிலாவைப் பற்றியது. அங்குள்ள பனிக்கட்டியில் அம்மோனியா கலந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படிக் கலந்த பனி கடுங்குளிரிலேயே உருகத் தொடங்கும். எந்த வெப்பநிலையில் உருகும் என்பதை வைத்துத்தான் அந்த நிலாவின் பனிக்கு அடியில் இன்னும் திரவம் இருக்குமா என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் பனியை மதுரை வெயிலில் உண்டாக்கிச் சோதிக்கும் குளிர்பெட்டியை, இரண்டு வருடம் செலவழித்து முத்துச்செல்விதான் கட்டினார்.

சென்ற ஆண்டு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. புத்தகங்களில் மைனஸ் தொண்ணூற்றேழு என்று இருக்கும் உருகுநிலை, உண்மையில் மைனஸ் நூற்றேழு என்றது அது. உள்ளூர்ச் செய்தித்தாள் அசோக்குமாரின் படத்தோடு அரைப் பக்கம் எழுதியது. அந்தச் சோதனைகள் நடந்தபோது முத்துச்செல்வி கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் இருந்தார்.

விடுப்பிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் முதல்முறையாக அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தார். சென்சாரின் வயரில் பாதிக்கு மேல் வீட்டுக்கு இழுக்கும் சாதாரணச் செம்பு வயர். கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு, கொதிக்கும் வெக்யூம் பம்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்த வகைச் சென்சாருக்கென்று தனி வயர் உண்டு. செம்பைச் சேர்த்து, சேர்த்த இடமும் சூடானால், மீட்டர் உண்மையைவிடக் குளிராகக் காட்டும். குளிர் ஏற ஏற அந்தப் பிழையும் கூடும்; நைட்ரஜனில் இருபது டிகிரி என்றால் அம்மோனியா பனியில் பத்து.

விடுப்பில் போகுமுன் பெட்டியின் மேல் அவர் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது: வயரைத் தொடாதீர்கள், எதுவானாலும் கூப்பிடுங்கள். கீழே அவருடைய போன் நம்பர்.

ஆய்வு மாணவி ஆர்த்திகா உள்ளே வந்தாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

“இத யாரு மாத்துனா?”

“எலி கடிச்சிருச்சுக்கா. சார்தான் எலக்ட்ரீஷியன வரச்சொன்னாரு. நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க.”

“ஆஸ்பத்திரில இருந்தா போன் பேச மாட்டனா?”

முத்துச்செல்வி நேராக அசோக்குமாரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

அசோக்குமார் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். “கட்டுரை வந்து ஏழு மாசமாச்சும்மா. பத்து டிகிரி ஒரு விஷயமா? நீங்க வயர மாத்திட்டு வேலையப் பாருங்க.”

“சார், அந்தக் கிரகத்துக்குப் பக்கத்துல இதுவரைக்கும் ஒரே ஒரு விண்கலந்தான் போயிருக்கு. அதுவும் எண்பத்தாறுல. இன்னொன்னு போக எத்தன வருஷமோ. அதுவரைக்கும் இந்த மாதிரி ரூம்ல எழுதுற நம்பரத்தான நம்புவாங்க?”

“எனக்கே பாடமா?”

முத்துச்செல்வி கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

அடுத்த மாதம் ஆர்த்திகா ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வராந்தாவில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒரு மாசம் மட்டும் பேசாம இருங்க. அப்புறம் நானே சொல்லிர்றேன்.”

முத்துச்செல்வி கையை உதறினார். “அப்புறம் எதுக்குச் சொல்லுவ? சனிக்கிழம வா. ஓட்டிப் பாப்போம். நூத்தேழு வந்துச்சுனா நான் வாயத் தொறக்கல.”

சனிக்கிழமை சரியான வயரை மாட்டி, முதலில் நைட்ரஜனில் முக்கினார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு. பிறகு அம்மோனியா பனியை ஏற்றினார்கள். மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் தொண்ணூற்றேழு. ஆர்த்திகா பேனாவை எடுத்து நோட்டில் எழுதினாள். திங்கட்கிழமை, யாரிடமும் கேட்காமல், கட்டுரை வந்த ஆய்விதழுக்குப் பிழையைச் சொல்லிக் கடிதம் அனுப்பினாள்.

வேறு வழியில்லாமல் அசோக்குமார் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தார். அது இணையத்தில் வந்த அன்று ஆர்த்திகா அதை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். முத்துச்செல்வி இங்கிலீஷை மெல்லக் கூட்டிப் படித்தார். “தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை” என்று அதில் இருந்தது. அந்த ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்தான்.

அவர் பெட்டியின் மேலிருந்த தாளைக் கிழியாமல் உரித்தார். விடுப்புக் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு நடந்தார்.

“நான் படுக்கைல கெடந்தப்ப நடந்த தப்புக்கு என்னைய எழுதியிருக்காரு. இந்த வரி போகணும் சார்.”

“பேரு போடலையேம்மா.”

“பேரு போட்டிருந்தாக்கூடத் தேவலாம். ஆளு இல்லாத நேரத்துல பழிபோட்டுட்டு, பேரு போடலன்னு பெருமை வேறயா?”

முதல்வர் பார்க்கலாம் என்றார். ஒரு வாரத்தில் முத்துச்செல்வியை முதலாண்டு ஆய்வகத்துக்கு மாற்றினார்கள். ஊசல், லென்ஸ், ஸ்டாப் வாட்ச். அவர் மாதாமாதம் ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாவது கடிதத்தோடு ஆர்த்திகாவும் கையெழுத்திட்டு ஒரு பக்கம் கொடுத்தாள்: வயரை மாற்றச் சொன்னது யார், என்றைக்கு, அன்று டெக்னீஷியன் எங்கே இருந்தார். அதன் பிறகுதான் அந்த வரியை எடுத்தார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஆர்த்திகாவின் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போய், தொண்ணூற்றேழோடு ஏற்கப்பட்டது.

இந்த ஜூலையில் குளிர்பெட்டி மைனஸ் எண்பதுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. அசோக்குமார் தன் புதிய மாணவன் முகேஷைக் கீழே அனுப்பினார்.

“அக்கா, சார் ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகச் சொன்னாரு.”

முத்துச்செல்வி லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே கோளாறு என்று அவருக்குக் கேட்காமலே தெரியும்.

“என்னையக் கேக்காம யாரும் அந்தப் பெட்டில கை வைக்கக்கூடாதுன்னு உங்க சார எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. அப்பறம் வாரேன்.”

முகேஷ் மேலே போனான். திரும்பி வரவில்லை. அடுத்த வகுப்புக்கு மாணவர்கள் வரத் தொடங்க, முத்துச்செல்வி ஸ்டாப் வாட்ச்களை எடுத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்று மெதுவாக ஓடியது. அதைத் தனியே எடுத்து வைத்தார்.