மணிமொழியின் அப்பா

2008 ஜூன், வியாழக்கிழமை, பிற்பகல்

லண்டனில் விமானம் மாறி, ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கியபோது உள்ளூர் நேரம் மூன்றே கால். கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி சின்னப் பெண். யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மகளை என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றாள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என்றேன். அவள் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். வழக்கமாகக் கேட்கும் கேள்வியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வரிசையைவிட்டு வெளியே வரும்வரை முதுகு கூசியது.

புவனா தடுப்புக்கு வெளியே நின்றாள். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பிளைட்ல ஏதாவது சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் ஐம்பது கிலோமீட்டர். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பச்சை வயல்களுக்கு நடுவே செங்காவி நிறத்தில் பெரிய மரக் கொட்டகைகள். அவற்றுக்குப் பின்னால் ஊசியிலைக் காடு. நகரில் இறங்கி, டி-பானெ என்று இவர்கள் சொல்லும் சுரங்க ரயிலுக்கு மாறினோம். பெயர்தான் சுரங்கம். தொய்யென் தாண்டியதும் வெளிச்சத்துக்கு வந்து, ஒப்சால், பூலர், ஸ்குல்லெருட் என்று பாறையும் பிர்ச் மரமுமாக ஏறிக்கொண்டே போகிறது. கடைசி நிலையம் மோர்டென்ஸ்ருட். அங்கே மூன்றாம் மாடியில் என் மகள் வீடு. இரவு பத்து மணிக்கும் பால்கனியில் செய்தித்தாள் படிக்க முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2004இல் புவனாவுக்கு ஒஸ்லோவில் ஆய்வுப் பணி கிடைத்தபோது நான் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தேன். அவள் போகிறேன் என்றாள். போகக் கூடாது என்றேன். "என்னை யாரும் அனுப்பலப்பா, நானேதான் போறேன்" என்றாள். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினேன். வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் அவள் தாய் பேசுவாள். நான் அடுத்த அறையில் இருப்பேன். பிறகு ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கினேன். சென்ற ஆண்டு என் மனைவி தனியாக வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். இந்த முறை அவள் வர மறுத்துவிட்டாள். "நீங்க மட்டும் போங்க. நான் கூட வந்தா என் முதுகுக்குப் பின்னாடியே நிப்பீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை, மாலை

கீழ்வீட்டிலிருந்து சிவநேசன் தன் மகளோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறார். மனைவிக்கு மருத்துவமனையில் மாலை வேலை. மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. கையில் ஒரு தடித்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகம், நார்வே மொழியில்; நோர்ஸ்க் என்றாள். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் திருப்பிக் காட்டினாள்.

அட்டையிலிருந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் சிறு மணி, இடுப்பில் பெரிய நாடா, பின்னால் ஒளிவட்டம்.

படிக்கிறவர்களில் இதை அறியாதவர்கள் இருப்பார்கள். ஜப்பானியர்களிடம் இப்படி ஒரு கதைவகை உண்டு. பள்ளிக்கூடம் போகும் சாதாரணப் பெண் ஒருத்தி. கணக்கில் மதிப்பெண் வாங்காதவள், காலையில் தாமதமாக எழுபவள். பேசும் பிராணி ஒன்று அவளிடம் ஒரு மந்திரப் பொருளைத் தருகிறது. தீமை வரும் நேரத்தில் அவள் அதை உயர்த்திப் பிடிப்பாள். ஒளி சுழலும், சீருடை மறைந்து வேறு ஆடை வரும், ஒரு சூளுரை சொல்லிவிட்டுப் போரில் இறங்குவாள். எதிரியைக் கொல்வது குறைவு. பெரும்பாலும் அவன் யாரோ ஒருவரின் துக்கம் உருவெடுத்து வந்தவனாக இருப்பான், அடங்கியதும் பழைய மனிதனாகிவிடுவான். மறுநாள் அவள் வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பில் நிற்பாள்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின், சென்னையில் ஒரு தொலைக்காட்சிக்காக இப்படியொரு ஜப்பானியத் தொடரின் தமிழ் ஒலிமாற்றத்துக்கு நான் வசனம் எழுதினேன். அட்டையில் இருந்த அந்த நாயகிக்குத் தமிழில் மணிமொழி என்று பெயர் வைத்ததும் நான்தான். அந்த ஒலிமாற்றத்தின் குறுந்தட்டுகளைச் சிவநேசன் சென்னைக்கு உறவினர் வீட்டுக்கு வந்தபோது தெருவோரக் கடையில் வாங்கியிருக்கிறார், மகள் தமிழ் மறக்காமல் இருக்க.

"தாத்தா, நீங்களோ மணிமொழிக்குக் கதை எழுதினது?" என்று ஆரணி கேட்டாள்.

கதை ஜப்பான்காரருடையது, தமிழில் அவள் பேசுவதுதான் என்னுடையது என்றேன்.

"அப்ப அந்த அப்பாவை எங்கை வச்சனீங்கள்?"

எனக்கு உடனே புரிந்தது. ஆனால் புரியாதவன்போல் சிவநேசனைப் பார்த்தேன்.

"ஐயா, இவளோடை சேந்து நானும் கடைசி மட்டும் பாத்தனான்," என்றார் அவர். "ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாலை பிள்ளை 'அப்பாவின் ஆணை, அதனால் வந்தேன்' எண்டு சொல்லுது. ஒருநாளாவது மனுசன் வாசலிலை வந்து நிப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். ஆள் வரவேயில்லை."

"புத்தகத்திலை அவவுக்கு அப்பாவே இல்லை," என்றாள் ஆரணி. "நான் நோர்ஸ்கிலை வாசிச்சனான். அவவை ஒருத்தரும் அனுப்பேல்லை."

சமையலறையில் புவனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் நின்றது.

நான் ஒரு பதில் சொன்னேன். படத்தில் உதடு எப்படி அசைகிறதோ அதற்குப் பொருந்தும் சொல்லாகத் தமிழில் தேட வேண்டும். அவள் வாய் அந்த இடத்தில் மூடித் திறந்தது, 'அப்பா' பொருந்தியது என்றேன். ஆரணி கூடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்று, அப்பா, அப்பா என்று சொல்லிப் பார்த்து ஒப்புக்கொண்டாள். உதடு பொருந்தியது உண்மை. ஆனால் எவ்வளவோ சொற்கள் பொருந்தியிருக்கும்.

அவள் வந்த காரியம் வேறு. அடுத்த சனிக்கிழமை நகரத்து நூலகம் ஒன்றில் இந்தக் கதைகளைப் படிக்கும் பிள்ளைகள் கூடுகிறார்களாம். ஆளுக்கொரு வேடம் போட்டு, மேடையில் சூளுரை சொல்ல வேண்டும்.

"மற்றப் பிள்ளையள் எல்லாரும் நோர்ஸ்கிலை சொல்லுவினம். நான் தமிழிலை சொல்லப்போறன். ஆனா அப்பா வேண்டாம். உண்மையாச் சொன்னதை எழுதித் தாங்கோ."

எழுதித் தருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம்

நாட்கள் நன்றாகவே கழிந்தன. புவனா ஆய்வுக்கூடம் போனபின் ரயிலேறி நகரத்துக்குப் போவேன். முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம், பன்னிரண்டு குரோனர். துறைமுகத்தில் மீன்பிடிப் படகிலேயே இறால் விற்கிறார்கள். வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து தோலுரித்துத் தின்கிறார்கள், யாரும் யாரையும் கவனிப்பதில்லை. ஒருநாள் கிரென்லாண்டில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு சிவநேசன் ஓட்டும் ட்ராமில் ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். இறங்கும் இடத்தில், "பிள்ளை வசனத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாள் ஐயா. நான் பாவாடைக்கு நாடா தைச்சுக் கையெல்லாம் ஊசி. என்ரை வேலை முடிஞ்சுது, உங்கடைதான் மிச்சம்," என்றார்.

இரண்டே வரி. பாதி நாளில் பத்து நிமிடக் காட்சி எழுதித் தந்தவன் நான். ஆனால் அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்துவிட்டேன்.

காரணம் இது. அந்தத் தொடரின் ஆங்கில வசனப் பிரதி என் மேசைக்கு வந்தது புவனா புறப்பட்ட வாரத்தில். முதல் பாகத்தின் சூளுரை: யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகவே வந்தேன். என் வீட்டுக் கூடத்தில் கேட்டதையே மறுபடி படித்தேன். அவளைத் தடுக்க முடியவில்லை. இவளைத் திருத்த முடிந்தது. இல்லாத தகப்பன் ஒருவனைக் கொண்டுவந்து ஒரு பெண்ணின் வாயில் வைத்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்ல பண்பு சொல்கிறேன் என்று தயாரிப்பாளரிடம் விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை எழுதி, கீழே போய் ஆரணியிடம் கொடுத்தேன். ஒருமுறை வாசித்துவிட்டு, "இது நல்ல சின்னன். மறக்கமாட்டன்," என்றாள்.

சனிக்கிழமை

ஆரணி, சிவநேசன், புவனா, நான் என்று நால்வரும் பதினொரு மணி ரயிலில் போனோம். ஆரணி தீபாவளிக்குத் தைத்த நீலப் பாவாடையை முழங்காலளவு மடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். மணிதான் அகப்படவில்லை. கடைசியில், புவனாவின் பூசையலமாரிக்காக நான் சென்னையிலிருந்து கொண்டுவந்த வெண்கல மணியை எடுத்துக்கொண்டாள். ரயில் குலுங்கும்போதெல்லாம் அது ஒலித்தது. எதிரே இருந்த நார்வேக் கிழவர் ஒருவர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

நூலகத்தில் ஐம்பது பேர் இருக்கலாம். இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளி நிறங்களில் பொய்முடி. ஆறடி உயரப் பையன் ஒருவன் பாவாடை கட்டி, கையில் அட்டையில் வெட்டிய நட்சத்திரக் கோல் வைத்திருந்தான். ஒரு தாய் வாஃபல் என்னும் கட்டம் போட்ட அப்பம் சுட்டுப் பத்துக் குரோனருக்குக் கொடுத்தாள். மேலே பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி, நம் பால்கோவாவில் உப்புப் போட்டது போல. நான் இரண்டு தின்றேன்.

ஆரணியின் முறை வந்தது. மேடையில் ஏறி ஒருமுறை சுற்றினாள். நாடா ஒன்று அவிழ்ந்தது. என் பக்கத்தில் சிவநேசன் மெல்ல முனகினார். அவள் அதைக் கவனிக்காமல் மணியை உயர்த்தி அடித்தாள். கூடம் அமைதியானது.

"யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகவே வந்தேன்."

அவளைத் தவிர அங்கே அந்த மொழி தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் புவனாவைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள், பார்வை மேடையில் இல்லை, என்மேல் இருந்தது.

திரும்பும் ரயிலில் தகப்பனும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் புவனாவும் பின்னால். தொய்யென் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது சொன்னேன், "அந்த வசனத்தை நான் மாத்தினது உதட்டசைவுக்காக இல்லம்மா."

"தெரியும்ப்பா. போன வருஷம் அம்மாவும் நானும் ஆரணி வீட்ல உக்காந்து பாத்தோம். முதல் பாகத்துலயே தெரிஞ்சுபோச்சு, அந்த அப்பா யாருன்னு."

"கோபம் வரலையா?"

"வந்துது. அம்மாகிட்ட கத்தினேன். அம்மா சிரிக்கறாங்க. 'உன்கிட்ட பேசமாட்டேன்னு ரூமுக்குள்ள போய் உக்காந்துட்டு, நாள் பூரா யாரையோ அப்பான்னு கூப்பிட வெச்சுக்கிட்டிருந்திருக்காரு பாரு'ன்னாங்க."

அவள் தாய் சொன்னது என் செயலுக்கு மிஞ்சிய கருணை. நான் அப்படி நினைத்து எழுதவில்லை என்று சொன்னேன். உன்னை அடக்க முடியாத ஆத்திரத்தில் எழுதினேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"வசனம் பரவால்லப்பா. அன்னைக்கு ஏர்போர்ட்ல உள்ள போனப்புறமும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். எப்படியும் வந்துடுவீங்கன்னு."

பூலரில் ரயில் நின்று கிளம்பியது. முன்னிருக்கையில் ஆரணி மணியைப் புவனாவிடம் நீட்டி, பூசைக்கு வேண்டுமே என்றாள். வைத்துக்கொள்ளச் சொன்னாள் புவனா.

ஜூலை, புறப்பாடு

மிச்சமிருந்த மூன்று வாரம் நாங்கள் நிறையப் பேசினோம். பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயங்கள்: ரசத்துக்கு இங்கே கிடைக்கும் தக்காளி புளிக்கவில்லை என்பது, அவள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவது.

சென்னை விமான நிலையத்தில் வழியனுப்ப வருபவர்கள் வாசலிலேயே கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் போகிறவரைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். கார்டர்மூனில் பாதுகாப்புச் சோதனை வரை கூடவே வரலாம். புவனா வந்தாள். நான் இடைவாரையும் காலணியையும் தட்டில் வைத்து, அந்தப் பக்கம் போய், மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நின்றிருந்தாள். சற்றுத் தள்ளிப்போய் மறுபடி பார்த்தேன். நின்றிருந்தாள். போகிறவர்கள் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது எழுபது வயதில் எனக்குத் தெரிந்தது.

டிசம்பரில் அவள் சென்னைக்கு வருகிறாள், மூன்று வார விடுப்பில். ஜனவரியில் திரும்பும் விமானம் விடிகாலையில். முன்னதாகவே போய், கம்பித் தடுப்பில் முன்வரிசையைப் பிடித்துவிட வேண்டும். அந்தக் கண்ணாடிக் கதவிலிருந்து பார்த்தால் பின்வரிசை தெரியாது.