படமே இல்லாத விளையாட்டு

என் மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பாடத்தக் கடகடன்னு ஒப்பிக்கிறா. புதுசா ஒரு வரியக் காட்டினா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கிறா. முழுப் பரீட்சைக்குள்ள படிக்கக் கத்துக்கலன்னா மறுபடியும் நாலாவதுதாம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ராயபுரம் ஆபீஸ் ஒன்றில் நாள் முழுக்க எழுத்தோடு மாரடிக்கிற டைப்பிஸ்ட் நான். என் வயிற்றில் பிறந்ததற்கு எழுத்து வேப்பங்காயா?

கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். கெஞ்சினேன். ஒரு நாள் அடித்தும் விட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் விளையாட அவளுக்குக் கொள்ளை ஆசை. எழுத்து மட்டுமே வருகிற விளையாட்டுகள் உண்டு, திரையில் இருப்பதைப் படித்தால்தான் மேலே போக முடியும் என்று ஆபீஸில் ஒருத்தி சொன்னாள். படிக்காமல் எப்படித் தப்பிக்கிறாள் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டேன்.

தேரடிப் பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார் ரேஸ் கீது, சண்ட கீது. படமே இல்லாத கேமா? மெசினு பூட்ச்சுன்னு பசங்க எய்ந்து போய்டுவாங்கக்கா."

மூன்று சனிக்கிழமை நடையாய் நடந்தேன். கடைசியில் அவர் தேடிப் பிடித்துக் கொடுத்தது முழுக்க ஆங்கிலம். அந்த விளையாட்டில் வரும் முதல் குகைக்குள் நுழையவே எனக்கு அகராதி வேண்டியிருந்தது.

"தமிழ்ல இல்லியா?"

"தமிழ்ல எவன்க்கா பண்ணுவான்? வோணும்னா நீயே பண்ணிக்கோ. நா சொல்லித் தரேன்."

வீம்புக்குப் பண்ணினேன். காசிமேட்டில் தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடுகிற கதை. ஒரு பக்கத்துக்கு நாலு வரி. கடைசியில், மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போக ஒன்றை அழுத்து, ஐஸ் வண்டிக்குப் பின்னால் போக இரண்டை அழுத்து என்று வரும். தப்பாக அழுத்தினால் நண்டுக் கூடையில் கால் போகும். இப்படி நாற்பது பக்கம். இன்றைக்கு ஒழுங்காகத் தெரிந்த தமிழ் எழுத்து நாளைக்குக் கட்டம் கட்டமாக மாறி நிற்கும். குழம்பு எத்தனை தடவை தீய்ந்தது என்று எனக்கே தெரியாது.

இரண்டே நாளில் ஆட்டைப் பிடித்துவிட்டாள். நான் தலைகால் புரியாமல் டீச்சரிடமே போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இன்னும் கொஞ்சம் படிக்கட்டும் என்று சில பக்கங்களை மாற்றினேன். ஐஸ் வண்டி பஞ்சராகி நிற்கிறது, இந்தப் பக்கம் வராதே என்று திரையில் இருக்கிறது. அவளோ, "ஐஸ் வண்டி சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே போகிறது" என்று பழைய வரியை ராகம் போட்டுச் சொல்லி இரண்டை அழுத்தினாள். விரல் வேறு வரிக்கு வரி ஓடுகிறது.

"நாப்பது பக்கத்தையும் எவடி ஒனக்குப் படிச்சுக் காட்டினா?"

"நீதாம்மா."

நானேதான். எங்கள் ஆபீஸில் டைப் அடித்த தாளை ஒருத்தி உரக்கப் படிப்பாள், இன்னொருத்தி ஒத்துப் பார்ப்பாள். ஒரு பெட்டி நம்பர் தப்பினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். அதனால் வாய்விட்டுப் படிக்காமல் எனக்கு எதையும் சரிபார்க்க வராது. வீட்டிலும் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படித்தான் படித்திருக்கிறேன். மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பள்ளிப் பாடமும் அதே கதைதான், நான் படித்துக் காட்டுவேன், அவள் கேட்டுக்கொள்வாள். டீச்சர் சொன்ன கடகடவெல்லாம் என் வாயிலிருந்து போனது. என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே வாயை இறுக மூடிக்கொண்டு புதிதாகப் பத்துப் பக்கம் அடித்தேன். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ம்மா, நீ படி."

"மாட்டேன்."

"ஒரே ஒரு வரிம்மா."

"மாட்டேன்னா மாட்டேன். எழுத்து தெரியுது, கூட்டிப் படிக்கத் தெரியுது. அப்புறம் இன்னாடி கேடு ஒனக்கு?"

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ படிக்கிறப்பதான் எம்பக்கத்துல ஒக்காந்துகினு கீற. நானே பட்ச்சுட்டா நீ எய்ந்து துணி தொவைக்கப் பூடுவ."

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, கையில் ஒரு வேலை இல்லாமல் நான் அவளோடு உட்கார்ந்ததாக ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. முழுப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

நாற்காலியை இழுத்து ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். "படிச்சாலும் இங்கதான் இருப்பேன். படி."

முதல் வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அதிலும் இரண்டு தப்பு. சொல்லிக் கொடுக்க என் நாக்கு துடித்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது. அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இரண்டாவது வரிக்குப் போனாள்.