அக்காவின் பேரில் ஒரு கார்

என் அக்கா வீட்டுக் கரண்ட் பில் இன்றைக்கும் செத்துப்போன அத்தானின் பேரில்தான் வருகிறது. வயலுக்கு அரசாங்கம் தந்த பெர்மிற் முதலில் அவளுடைய மாமனார் பேரில் இருந்து, அத்தான் பேருக்கு மாறி, இப்போது மூத்த மகனின் பேரில் இருக்கிறது. வீடு நிற்கும் வளவும் அப்படித்தான். கிளிநொச்சிக்கு வாழ வந்த நாளிலிருந்து விதைத்தாள், களை பிடுங்கினாள், அரிவு வெட்டினாள். ஆனால் ஒரு கடதாசியிலும் அவள் இல்லை. அத்தான் விட்டுப்போன பழைய ஏ-ஃபோர்ட்டி காரை, அதைக் கூடாக்கியிருந்த கோழிகளிடமிருந்து மீட்டு, ஒரு மெக்கானிக் ஓட வைத்தபோது, அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதையாவது என்ரை பேரில மாத்தித் தா."

நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். கந்தோர் அலுவல் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவனும் நான்தான். "ஒரு கிழமை வேலை அக்கா," என்றேன்.

எங்கள் பக்கத்தில் வாகனம் கைமாறுகிற விதம் தனி. விற்பவர் மாற்றப் படிவத்தில் தன் பகுதியில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குபவரின் பகுதி வெறுமையாகவே இருக்கும். ஓப்பன் பேப்பர் என்பார்கள். அடுத்தவருக்கு விற்கும்போது அதே கடதாசி காரோடு போகும். ஒருவரும் கந்தோர்ப் படி ஏறத் தேவையில்லை. கடைசியில் எவருக்குத் தன் பேரில் எழுதும் ஆசை வருகிறதோ, அவர் தலையில் எல்லாம் விடியும்.

அத்தான் அப்படி வாங்கிய எங்கள் காரின் ஓப்பன் பேப்பர் அக்காவிடம் பத்திரமாக இருந்தது. அளவுக்கு மிஞ்சிய பத்திரம். சண்டைக்கால இடப்பெயர்வு முழுக்க அவள் கடதாசிகளை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தவள். செட்டிகுளம் முகாமில் மழை வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. கூடாரக் கயிற்றில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டு எடுத்தாளாம். ஊர் திரும்பியதும் டவுனில் லமினேற் மெஷின் ஒன்றைக் கண்டாள். அவ்வளவுதான். பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், பிள்ளைகளின் றிப்போட், முகாமில் தந்த சாப்பாட்டு அட்டை என்று ஒன்றும் தப்பவில்லை. கையொப்பம் வைக்க வேண்டிய அந்த மாற்றப் படிவமும் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டது.

இது எனக்கு மோட்டார் வாகனக் கந்தோரில் வைத்துத்தான் தெரிய வந்தது. அங்கிருந்த அதிகாரி முதலில் சுங்கத்தில் கார் இறக்கிய துண்டுச் சீட்டைக் கேட்டார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "அந்தக் கார் சீமையிலயிருந்து கப்பலில வரேக்க நானும் பிறக்கேல்லை, நீங்களும் பிறக்கேல்லை!" என்று நான் சத்தம் போட, அக்கா பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். பளபளவென்று இருந்தது. அதிகாரி பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்ததாக மாற்றப் படிவம் வெளியே வந்தது.

"அம்மா, இதில எங்கை கையெழுத்து வைக்கப்போறியள்?"

அக்கா பேனையை வாங்கி வைத்துப் பார்த்தாள். பேனை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதிகாரி தன் பேனையைத் தந்தார். அதுவும் ஓடியது. பக்கத்து மேசைக்காரர் மார்க்கர் கொண்டுவந்தார். அக்காவின் கையொப்பம் அழகாக விழுந்தது, அவர் விரலால் ஒருமுறை தடவியதும் போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது நான் அக்காவை ஏசித் தீர்த்தேன்.

"நனைஞ்ச கடதாசியளை நீயே காயவைச்சனி?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்தேன். ஒரு மூலை சுருண்டு நாறியது. அக்கா பறித்துக்கொண்டு போய்விட்டாள். இனி ஒரே வழி, காரின் பதிவுப் புத்தகத்தில் பேர் உள்ள பழைய சொந்தக்காரரைப் பிடித்துப் புதுப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதுதான். விசாரித்ததில் ஆள் மகளோடு இருப்பது தெரிந்தது. இருந்த இடம் செட்டிகுளம். போகும் வழியில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஐயா எங்களைக் கண்டதும், "கார் கொண்டுவந்திட்டியளே?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். அவருடைய தகப்பன் வருவித்த கார் அது. விஷயத்தைச் சொன்னதும் மருமகன் குறுக்கே வந்தார்.

"மாமா, அவசரப்படாதேங்கோ. இப்ப இந்தக் காருகள் என்ன விலை போகுது தெரியுமே? புத்தகத்தில உங்கடை பேர்தான் கிடக்கு. கார் உங்கடை."

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்ப, அக்கா மூலை கருகிய பிளாஸ்டிக் தாளை ஐயாவின் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ரை கையெழுத்தெல்லே! என்ன வடிவா வைச்சிருக்கிறன்!" பிறகு மருமகனைப் பார்த்தார். "வித்துப்போட்டன் தம்பி. வித்ததுக்குப் பிறகு என்ன கதை?"

பிரச்சினை அதோடு முடியவில்லை. கையொப்பம் கந்தோரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஐயாவுக்கோ கை நடுக்கம். பிளாஸ்டிக் தாளை முன்னால் வைத்துப் பழைய பேப்பரில் எழுதி எழுதிப் பழகினார். தன் கையெழுத்தையே கள்ளக் கையெழுத்துப் போல் பார்த்து வைத்த மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். கொஞ்ச நேரத்தில் மருமகனும் கதிரையை இழுத்துப்போட்டு, "மாமா, அந்த வாலை இன்னும் கொஞ்சம் வளையுங்கோ," என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இருள முன்னம் படிவத்தில் கையொப்பம் விழுந்தது.

புத்தகம் வந்தபோது அக்கா தன் பேரை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். பிறகு குசினிக்குச் சமைக்கப் போய்விட்டாள். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வளவுக்குள் நின்ற நேரம், நான் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு காரில் ஆனையிறவுப் பக்கம் கிளம்பினேன். இத்தனை அலைச்சல் பட்டவனுக்கு ஒரு ஓட்டம் கூடவா இல்லை! பரந்தன் சந்தியில் போன் அடித்தது.

"ஆரைக் கேட்டு எடுத்தனி?"

"அக்கா, நான்தானே எல்லா இடமும் ஓடித்திரிஞ்சு..."

"ஓம், நீதான் ஓடித்திரிஞ்சனி. கார் ஆரின்ரை?"

திருப்பிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். நன்றி கெட்டவள் என்றுகூடச் சொன்னேன். கரடிப்போக்குக் கிட்ட வரும்போதுதான் ஒன்று உறைத்தது. வயல் விதைக்க, மாடு விற்க, மகளுக்குச் சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் அக்காதான் ஆட்களைக் கேட்டுக்கொண்டு திரிந்தவள். அவளைக் கேட்டு எடுக்க வேண்டிய பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை. கோபம் போய் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

முற்றத்தில் காரை நிறுத்தி, இறங்கி, திறப்பை அவள் கையில் கொடுத்தேன்.

"அக்கா, காரை ஒருக்கா எடுக்கட்டே?"

"எங்கை போறாய்?"

"ஆனையிறவு மட்டும்."

அவள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, காரைப் பார்த்து, அவசரமில்லாமல் ஆறுதலாக யோசித்தாள். நான் நின்றேன்.