லெட்டர்ஹெட்டுக்குள் இருந்த படம்

பாடி மேம்பாலத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் ரேணுகா பத்தொன்பது வருடம் கடிதம் அடித்தாள். ராணுவ வண்டிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்துகொடுக்கும் இடம் அது. கொட்டேஷன், சரக்கு தாமதமானதற்கு விளக்கம், வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் என்று அங்கிருந்து வெளியே போன எந்தத் தாளும் அவள் கை படாமல் போனதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது அதிலும் பிழையில்லாமல் அடிக்கப் பழகிக்கொண்டாள். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

கணவன் சுப்பராயன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சேக்காட்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள்.

போன ஆடியில், பாகங்களை வாங்குகிற தரப்பிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அலுவலக நெட்வொர்க்கில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். எந்தக் கம்ப்யூட்டர் எங்கே தொடர்பு கொள்கிறது என்பதை அது பதிவு செய்யும். இரண்டு வாரம் கழித்து வந்து பட்டியலை எடுத்தார்கள். மறுநாள் காலை மேனேஜர் ராகவன் ரேணுகாவை அறைக்குள் கூப்பிட்டார்.

"யாருக்கும்மா அனுப்புறீங்க?"

"எதை சார்?"

பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய கம்ப்யூட்டர் நாற்பத்தொரு தடவை வெளிநாட்டில் இருக்கிற ஏதோ ஒரு முகவரியோடு தொடர்பு கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் முதல் தடவை காலை ஒன்பதே கால் மணிக்கு. அவள் வந்து உட்கார்ந்து முதல் கடிதத்தைத் திறக்கிற நேரம் அது.

"சார், நான் லெட்டர் அடிக்கிறதோட சரி. நெட்டையே தொறக்கறதில்ல. மெயில்கூட பக்கத்து டேபிள் வெங்கட் சீட்லேர்ந்துதான் போகும், உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? இதுல இருக்கே." பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?"

அவருக்குத் தெரியாததில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு சுப்பராயனும் வந்து பொரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல ராகவன் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார். சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்கே பஸ் ஏறினாள். ஆவடி போகிற பஸ்ஸில் அந்த நேரத்தில் கூட்டமே இல்லை.

நான்காம் நாள் சுப்பராயனை அவருடைய அதிகாரி கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். விஷயம் தெளிவாகிறவரை வேறு பகுதியில் வேலை என்று சொல்லிவிட்டார்கள். வாரக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. எதிர் வீட்டு ஞானம்மாள், மாடியில் துணி காயப்போடும்போது ஒரு கொடியையே பகிர்ந்துகொண்டவள், ரேணுகாவைப் பார்த்ததும் பக்கெட்டோடு கீழே இறங்கினாள்.

அன்று சாயங்காலம் சுப்பராயன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரேணு, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ எதுனா அனுப்பினியா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் வீட்டுக்கு ஒரு தாள்கூடக் கொண்டுவந்ததில்லை. அவர் செய்கிற வேலை என்னவென்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீரை வடித்து அரிசியை உலையில் போட்டாள். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் முதல் அவள் அந்த ஒன்பதே கால் மணியையே யோசித்தாள். காலையில் வந்ததும் தான் செய்வது ஒன்றே ஒன்றுதான்: லெட்டர்ஹெட்டைத் திறப்பது. அதில் ஏதாவது இருக்குமா? கம்ப்யூட்டரை அவர்கள் பூட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டோர்ஸில் இருந்து வேலையை விட்டுப் போன கார்த்திகேசனுக்கு அனுபவச் சான்றிதழை அதே லெட்டர்ஹெட்டில் அடித்து, ஃபைலாகவே மெயிலில் அனுப்பும்படி தான் வெங்கட்டிடம் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயப்பன்தாங்கலில் அவன் வீட்டைத் தேடிப் போனாள். அவன் கதவைப் பாதிதான் திறந்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. இருந்தாலும் ஃபைலைக் கொடுத்தான்.

"என் பேரு எங்கயும் வர வேணாம் மேடம்."

ஆவடி மார்க்கெட் அருகே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜேம்ஸிடம் அதைக் கொண்டுபோனாள். நாற்பது வயதுக்காரர், மகளின் லேப்டாப்பை இரண்டு முறை சரி செய்து கொடுத்தவர். அவர் ஃபைலைத் திறந்தார். திரையில் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில், கம்ப்யூட்டர் எங்கே தொடர்பு கொள்கிறது என்று காட்டும் வரிகள் ஓடின. மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"அக்கா, நீ ஒண்ணும் அனுப்பல. இந்த லெட்டர்தான் வெளிய போயி கேக்குது."

"லெட்டர் எப்படிங்க கேக்கும்?"

"மேல உங்க கம்பெனி சின்னம் கீது பாரு. அந்தப் படத்த இதுக்குள்ள வெச்சவன், நெட்ல ஒரு அட்ரஸ்லேர்ந்து இழுத்து வெச்சிருக்கான். ஒரு காப்பி உள்ளயும் கீது, அதனாலதான் எப்பவும் தெரியுது. ஆனா ஒவ்வொரு தபா தொறக்கும்போதும் புதுப் படம் எதுனா கீதான்னு அந்த அட்ரஸாண்ட போயி கேட்டுனு வரும். உன்ன ஒரு வார்த்த கேக்காது. பழைய சாஃப்ட்வேர் இல்ல, அப்டித்தான்."

"வெளிநாடுன்னு சொல்றாங்களே?"

ஜேம்ஸ் தேடிப் பார்த்தார். அந்த முகவரி ஒரு காலத்தில் கம்பெனிகளுக்குச் சின்னமும் லெட்டர்ஹெட்டும் வரைந்து கொடுப்பவர் ஒருவருடையதாக இருந்திருக்கிறது. அவர் அதைக் கைவிட்டபின் வெளிநாட்டுச் சூதாட்டக் கம்பெனி ஒன்று வாங்கிப்போட்டிருந்தது.

"இன்னாத்த அனுப்புது அக்கா, ஒரு படம் குடுன்னு கேக்குது. அவன் இல்லன்றான். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ரேணுகா அதை எழுதித் தரச் சொன்னாள். ஜேம்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, திரையில் வந்ததைப் படமும் எடுத்துக் கொடுத்தார்.

பாடிக்குப் போனாள். ராகவன் தாளை இரண்டு தடவை படித்தார். அவள் சொல்லச் சொல்ல, வெங்கட்டின் கம்ப்யூட்டரில் அதே லெட்டர்ஹெட்டைத் திறந்தும் பார்த்தார்கள். திரையின் அடியில் ஜேம்ஸ் எழுதியிருந்த அதே முகவரி வந்து நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த லெட்டர்ஹெட்டைத் தெரிந்தவர் மூலம் செய்து வாங்கி, "இனிமே இதுலதான் அடிக்கணும்" என்று அவளுக்கு அனுப்பியவர் ராகவன்தான். அதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ரிப்போர்ட் போயாச்சும்மா," என்றார். "இப்ப மாத்தி எழுதினா கம்பெனி மேலதான் கேள்வி வரும். ஆர்டரே போயிடும். நூறு பேர் வேலை பார்க்கிற இடம்."

"அப்ப நான் செஞ்சதாவே இருக்கட்டுமா சார்?"

"நீங்க செஞ்சீங்கன்னு யாரும் எழுதல. காரணம் தெரியலன்னுதான் இருக்கு. அப்படியே முடிஞ்சிடும்."

அவளுடைய நாற்காலியில் கிருஷ்ணப்பிரியா என்ற புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ரேணுகாவைப் பார்த்து எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தாள்.

ரேணுகா சோதனை நடத்தியவர்களுக்கும் கணவனின் அதிகாரிக்கும் தானே கடிதம் எழுதினாள். ஜேம்ஸின் தாளை நகலெடுத்து இணைத்தாள். சோதனைக்காரர்களிடமிருந்து கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதத்தில் சுப்பராயனைப் பழைய பகுதிக்கே அனுப்பினார்கள். அவளுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐந்தாறு இடம் ஏறி இறங்கினாள். அடித்துக் காட்டச் சொல்வார்கள், அடிப்பாள், நாளைக்குச் சொல்கிறோம் என்பார்கள். அதற்குள் பாடிக்கு ஒரு போன் போயிருக்கும்.

"விடு ரேணு," என்றார் சுப்பராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளை மடித்தபடி. "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சில்ல. நான் பழைய எடத்துக்கே வந்துட்டேன்."

"நான் அனுப்பினேனான்னு அவங்க கேட்டது அவங்க வேலைக்காக," என்றாள் அவள். "நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

அவர் தாளை மறுபடி விரித்தார். அதில் எதையும் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "பயந்துட்டேன்டி," என்றார்.

அது உண்மைதான் என்று அவள் நம்பினாள். நம்பியும் உள்ளே ஒன்றும் இளகவில்லை.

தை மாதத்திலிருந்து திருமுல்லைவாயிலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனிக்குப் போகிறாள். நின்றபடியே மூடிகளைப் பொருத்திப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே யாரும் அவளைப் பற்றி விசாரிக்கவில்லை. வீட்டில் சமைக்கிறாள், மகளோடு போனில் பேசுகிறாள், கணவன் கேட்பதற்குப் பதில் சொல்கிறாள். அவரும் இப்போதெல்லாம் அதிகமாக எதுவும் கேட்பதில்லை.