பள்ளிக்கூட வானுக்கு மூளை மாற்றிய செல்வராசா அத்தான்

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். உடனே வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுப் போனேன்.

செல்வராசா அத்தானை அறிந்தவர்கள் அவரை டீவி திருத்துபவராகவே அறிவார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்கடைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய சின்னக் கடை. மனிதரும் சிறிய உருவம்தான், வாய் மட்டும் பெரிது. பழுதான பொருளைச் செத்துப் போச்சு என்று யாரும் சொல்ல விடமாட்டார். "எங்கை நோகுதெண்டு முதல்ல கேப்பம்" என்பார். அவரை அறியாதவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது டீவிக் கதை அல்ல, என் வானின் கதை.

யுத்த காலம். வெள்ளவத்தையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களில் இறக்குவது என் தொழில். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வானோ ஜப்பானில் ஓடிக் களைத்த பிறகு இங்கே வந்தது. அதற்குப் புது வியாதி ஒன்று பிடித்தது. எஞ்சின் சூடேறினால் நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

கொள்ளுப்பிட்டிச் சாவடியில் இரண்டு தரம் நின்றது. அந்த நாட்களில் சாவடிக்கு முன்னால் ஒரு தமிழனின் வான் அசையாமல் நின்றால், அது பழுது என்று யார் நம்புவார்கள்? இரண்டாம் தரம் சிப்பாய்களின் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. பிள்ளைகளை இறக்கி, புத்தகப் பைகளை ரோட்டில் கொட்டச் சொன்னார்கள். இன்னொரு தரம் இங்கே நின்றால் உன்னை உள்ளே போடுவேன் என்று அதிகாரி சிங்களத்தில் சொன்னார். வெறும் மிரட்டல் அல்ல. அப்படி உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு கராஜில் பம்பை மாற்றினார்கள், இன்னொன்றில் கொயிலை மாற்றினார்கள். மூன்றாமவர் வானை விற்கச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை காலை அத்தான், அக்காவின் ஹெயர் டிரையரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"டீவிக்காரருக்கு வானுக்குள்ளை என்ன அலுவல், அத்தான்?" என்று கேட்டேன்.

"இது ஓடுற டீவி, மச்சான். நீ ஸ்டார்ட் பண்ணு."

முன் சீற்றுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் மூடியைக் கழற்றினார். உள்ளே எஞ்சினுக்குக் கட்டளை இடும் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. எஞ்சின் ஓட ஓட, அந்தப் பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினார். எஞ்சின் நின்றது. பெட்டிமேல் ஐஸ் பையை வைத்தார். கிளம்பியது. மூன்று தரம் செய்து காட்டிவிட்டு, "காய்ச்சல் எஞ்சினுக்கு இல்லை, மூளைக்கு" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், இதைத் திருத்தத் தன்னால் ஏலாது என்பதையும் வெட்கப்படாமல் சொன்னார். வயர்கள் வந்து சேரும் பிளக்கும் கருகிப் போயிருந்தது.

அன்று மதியமே பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் முஸ்லிம் நாநா ஒருவரின் கடையில் நின்றோம். முதல் இரண்டு பெட்டிகளையும் அத்தான் தள்ளிவிட்டார். "நம்பர் சரி நாநா, கடைசி எழுத்துப் பிழை. இது ஓட்டோமற்றிக் கியருக்கு." மூன்றாவது பொருந்தியது. கருகியதற்குப் பதிலாக, பிளக்கோடும் ஒரு முழ வயரோடும் வெட்டித் தரும்படி கேட்டு வாங்கினார்.

பிறகு அவர் கை கழுவப் போனார். நான் பெட்டியைப் பார்த்தேன். தகரப் பெட்டி, தொங்கும் கலர் கலரான வயர்கள். இதை எடுத்துக்கொண்டு எப்படிச் சாவடி தாண்டுவது? பார்ப்பவன் குண்டு என்றுதான் நினைப்பான். கடையிலிருந்த குறடை எடுத்து வயர்களை ஒட்ட வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். எங்களில் யாராக இருந்தாலும் அன்று அதைத்தான் செய்திருப்பார்கள்.

திரும்பி வந்த அத்தான் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பயத்திலை வெட்டினனீ. பரவாயில்லை. நகத்தளவாவது மிச்சம் விட்டியே, சந்தோசம்."

பிறகு அவர் செய்ததுதான் அவருடைய வழக்கம். பெட்டியின் மூடியைக் கழற்றினார், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு விரலில் மாட்டிக்கொண்டார். "மறைச்சாத்தான் கேள்வி வரும்." வந்தது. திரும்பும் வழிச் சாவடியில் ஒரு சிப்பாய் மறித்து, "மொகத மேக்க?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"வேன் எக்கே மொளே, மல்லி" என்றார் அத்தான். வானின் மூளை, தம்பி என்று கேட்டதும் சிப்பாய் சிரித்துவிட்டான், விட்டும்விட்டான்.

ஞாயிறு முழுவதும் வானின் தரையில் மடங்கி இருந்து, நான் வெட்டிய ஒவ்வொரு வயரையும் ஒட்டு வைத்து நீட்டினார். உதவப் போனேன். "வெட்டின ஆள் தள்ளி இரு" என்று விரட்டினார்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் என்னோடு முன் சீற்றில் ஏறினார். கொள்ளுப்பிட்டியில் அதே அதிகாரி. எஞ்சின் நல்ல சூடு. நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். பைகளைச் சோதித்து முடிந்ததும், யாரும் கேட்காமலே அத்தான் இறங்கி வானுக்கு முன்னால் போய் நின்றார். இதைத் திருத்தியது நான், கிளம்பாவிட்டால் என்னைப் பிடியுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போக விடுங்கள் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். துவக்குகளுக்கு முன்னால் அந்தச் சிறிய மனிதர் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஸ்டார்ட் பண்ணும் திறப்பைத் திருப்பினேன். ஒரே தரத்தில் எடுத்தது.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய்? பிள்ளையள் பிந்தப் போகுது, எடு" என்று ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வான் ஒரு சாவடியிலும் பழுதாகி நிற்கவில்லை. சில வருடங்கள் கழித்து விற்றபோது, வாங்கியவரின் மெக்கானிக் பெட்டியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடிப்பக்கத்தில் மூன்று மொழிகளிலும் அழியாத மையில் எழுதியிருந்தது. அத்தானின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடை விலாசம். கீழே ஒரு வரி: "இதைப் பூட்டியவன் நான். சாரதிக்கு ஒன்றும் தெரியாது."

பஸ்ஸில் தமிழ்ப் பெயர் சொல்லிக் கூப்பிடவே நாங்கள் பயந்த காலத்தில் அவர் எழுதியது அது. அத்தானிடம் கேட்டபோது, "வாரண்டி எழுதினனான், மச்சான்" என்று சிரித்தார்.

நேற்று மாதம்பிட்டி மயானத்தில் அவர் நெற்றியில் கை வைத்து விடை கொடுத்தேன். சாரதிக்கு எல்லாம் தெரியும், அத்தான். போய் வாருங்கள்.